இன்றைய பொட்டு

எங்கள் குடும்பப் படத்தில் பொட்டு வைக்கத் தொடங்கியது ஜனவரியில். அதற்கு முந்தைய மாதம் என் மகள் நிவேதிகா பள்ளி ஆண்டுவிழாவில் ஆடினாள். அவளுக்கு அப்போது நாலரை வயது. அந்த ஆட்டத்தை யாரோ படம் எடுத்து எங்கோ போட, மூன்றே நாளில் ராஜபாளையத்தில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். காய்கறிக் கடையில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். நாலாம் நாள் காய்ச்சல். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.

வீட்டுக்கு வந்த அன்றே கோயம்புத்தூரிலிருந்து ராமலட்சுமி மதினி போன் செய்தார். என் கணவருக்கு அக்கா.

"நான் அப்பவே நெனச்சேன் பூமாரி. ஊரு கண்ணு மொத்தமும் புள்ள மேல. இனிமே நம்ம வீட்டுப் படமும் சும்மா ஓடக் கூடாது. ‘கூடம்’ல திருஷ்டிப் பொட்டுன்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு. தம்பிகிட்டச் சொல்லிப் போடச் சொல்லிட்டேன்."

‘கூடம்’ என்ற அந்தச் செயலி எங்கள் நான்கு வீடுகளிலும் இருந்தது. இங்கே எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு கேமரா. அது நாள் முழுக்கக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறை இருட்டினால் தானாக ஒரு சின்ன விளக்கைப் போட்டுக்கொள்ளும். மாலையில் அதுவே நல்ல காட்சிகளைப் பொறுக்கி ஏழு நிமிடப் படமாக்கி, ஏழே முக்காலுக்கு நான்கு வீட்டு டிவியிலும் ஒரே நேரத்தில் ஓட்டும்; அப்போது ஒரு வீட்டில் பேசினால் மற்ற வீடுகளிலும் கேட்கும். கோயம்புத்தூரில் மதினி வீடு, பெங்களூரில் கொழுந்தன் வீடு, மஸ்கட்டில் என் கணவர் சுந்தரபாண்டியின் அறை, பிறகு நாங்கள். அவர் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். சின்னவன் செழியன் தவழ்ந்ததையும் நின்றதையும் அவர் பார்த்தது அதில்தான்.

"நெஜமாவே பொட்டு வைக்குமா மதினி?"

"மைப் பொட்டு இல்ல புள்ள. இந்தக் காலத்துல மைப் பொட்டு வச்சா அதுவும் அழகாத்தான் தெரியுது. இது வேற. புள்ள மொகத்துல இருக்கிற கொறையத் தொடச்சிட்டு, இல்லாத ஒரு கொறைய இதுவாப் படத்துல வச்சிரும். ஒரு பல்லு சாஞ்ச மாதிரி, ஒரு புருவம் மெலிஞ்ச மாதிரி. பாக்கிறவன் கண்ணு அதுல போய் நின்னுரும். புள்ள தப்பிச்சிரும்."

"தினமும் ஒரே இடத்துலயா?"

"ஒரே இடத்துல வச்சாப் பழகிரும்ல? தினம் ஒரு எடம். ஒரு தடவ வச்ச எடத்துல ஒரு மாசத்துக்கு மறுபடி வைக்காதாம். எதுல வச்சிருக்குன்னும் சொல்லாது. சொல்லிட்டா நம்ம கண்ணு நேரா புள்ளைகிட்டப் போயிரும்ல."

"அப்ப உண்மையான படம்?"

"உண்மையான படம் ஒனக்கு எதுக்கு? உண்மையான புள்ளையே ஒன் மடியில கெடக்கே!"

நானும் சிரித்தேன்.

ஒரு வாரத்தில் அது விளையாட்டாகிவிட்டது. படம் ஓடும்போதே பொட்டு எங்கே என்று தேட ஆரம்பித்தோம். கண்டவர் திரையில் விரலால் வட்டம் போடுவார். வட்டத்தின் பக்கத்தில் அவர் பெயரும் நேரமும் வரும். ‘கூடம்’ சரி என்றும் சொல்லாது, தவறு என்றும் சொல்லாது. மதினிதான் தீர்ப்பு. பிடித்துப்போனால் கைதட்டும் படம் வரும்.

"மூக்கு! மூக்கு இன்னைக்குக் கொஞ்சம் சப்பை!" என்பார் கொழுந்தன்.

"அது ஒன் மூக்குடா, புள்ளைக்கு வந்திருக்கு," என்பார் மதினி. நான்கு வீடும் சிரிக்கும்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர்கள் குடும்பத்தோடு நான் ஒட்டியது இந்த விளையாட்டில்தான்.

ஜூலை 20 முதல் மாலை வகுப்புக்குப் போனேன். மழலையர் ஆசிரியர் பயிற்சி, ஐந்தரை முதல் ஏழு வரை. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா எங்களோடுதான் இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். வகுப்பில் எமிமா மிஸ் முதல் வாரமே ஒரு வேலை கொடுத்தார். தொண்ணூறு நாள், ஒரு குழந்தையைக் கவனித்துத் தேதி, நேரம் போட்டு எழுத வேண்டும். நான் செழியனை எடுத்துக்கொண்டேன். அவனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். நிவியையும் ஓரத்தில் சேர்த்துக்கொண்டேன். வலதுபக்கக் கடைசியில் ‘இன்றைய பொட்டு’ என்று ஒரு கட்டம் போட்டேன். அது மிஸ் கேட்டதில்லை. இடம் இருந்ததே என்று போட்டதுதான்.

ஜூலை 24. பொட்டு: நிவி, இடது காது, வெளியே தள்ளியது போல. கண்டவர் கொழுந்தன். படம் முடிந்ததும் குழந்தையின் காதைப் பார்த்தேன். சற்றே வெளியே தள்ளியதுபோல் எனக்கும் தோன்றியது.

இதன் கீழே மிஸ் சிவப்பு மையில், ‘பார்த்ததா, தோன்றியதா?’ என்று எழுதியிருந்தார்.

 அடுத்த மூன்று வாரத்தில் இதே போல் ஆறு இடங்கள். படத்தில் புருவம் மெலிந்திருந்தது என்று குழந்தையிடம் போய்ப் பார்த்தால் புருவம் மெலிந்துதான் இருந்தது. மோவாயில் ஒரு குழி என்றால் மோவாயில் குழி இருந்தது. பெற்ற தாய்க்கு இத்தனை நாள் தெரியாமலா இருந்திருக்கும்? தினம் படத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்படியே எழுதவும் எழுதினேன்: ‘என் பார்வையை நம்பக் கூடாது.’

ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது நிவி கண்ணாடி முன்னால் அசையாமல் நின்றாள்.

"நேரமாச்சு நிவி, பஸ் வந்துரும்."

"அம்மா, இன்னைக்கு எனக்கு எங்க அசிங்கம்?"

"என்ன பேச்சு இது?"

"சொல்லும்மா. ராத்திரி அத்தை சொல்றதுக்கு முன்னாடி நானே கண்டுபிடிக்கணும்."

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எந்தக் கழுத சொன்னது எம் பேத்திக்கு அசிங்கம்னு? கூப்புடு அந்தக் கழுதய," என்றார். நிவி சிரிக்கவில்லை. இடது கையால் காதை மூடிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். மாலையில் வந்து இறங்கும்போதும் கை அங்கேயே இருந்தது. விளையாட்டை நிறுத்திவிடலாமா என்று நான் அன்று குடும்பக் குழுவில் கேட்டிருக்க வேண்டும். மதினி வருத்தப்படுவாரே என்று கேட்கவில்லை.

கண்ணைப் பற்றி என் குறிப்பேட்டில் முதலில் வருவது ஜூலை 27. மழைக்கு இருட்டிய மாலை. செழியன் டிவியின் முன்னால் நின்று கேமராவை அண்ணாந்து பார்க்கிறான். இடது கண்ணின் பாப்பா கறுப்பாக இல்லை. பூனையின் கண்ணில் விளக்கு பட்டது போல் வெள்ளையாக மினுங்குகிறது.

"கண்ணு! நான்தான் மொதல்ல!" மதினியின் குரல் டிவியை உடைத்துக்கொண்டு வந்தது. "இதுவரைக்கும் வச்சதுலயே இதுதான்யா பெஸ்ட்டு. எவன் கண்ணு வச்சாலும் அப்படியே திரும்பிப் போயிரும்."

எல்லா வீட்டிலிருந்தும் கைதட்டல் வந்தது. நானும் தட்டினேன். செழியனை மடியில் வைத்துக் கண்ணைப் பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. நிம்மதியாக இருந்தது, இந்த ஒரு பொட்டாவது படத்தில் மட்டும் இருக்கிறதே என்று.

ஆகஸ்டில் அது நான்கு முறை வந்தது. செப்டம்பர் 16க்குள் இன்னும் நான்கு. மொத்தம் ஒன்பது. வேறு எந்தப் பொட்டும் அப்படித் திரும்பத் திரும்ப வரவில்லை. ஒரு மாதத்துக்கு அதே இடத்தில் வைக்காது என்று மதினியே சொன்னதாயிற்றே. கேட்டேன்.

"நாமதான் அதுக்கு அம்புட்டுக் கை தட்டுனோம்ல? அது கத்துக்கிட்டிருக்கும். நமக்குப் புடிச்சதையே வைக்குது," என்றார் மதினி. சரியாகத்தான் தோன்றியது.

செப்டம்பர் 17 வியாழக்கிழமை. வகுப்பில் ஒரு விளையாட்டை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். காலை பத்து மணிக்குச் செழியனைக் கட்டிலில் உட்காரவைத்துக் கண்ணாமூச்சி ஆடினேன். வழக்கமாக இரண்டு கண்ணையும் பொத்துவேன். அன்று ஏனோ ஒரு கையில் பால் புட்டி. ஒரு கண்ணை மட்டும் பொத்தினேன். எழுதியது இது:

‘இடது கண்ணைப் பொத்தினேன். சிரித்தான், புட்டியை எட்டிப் பிடித்தான். வலது கண்ணைப் பொத்தினேன். அழுதான், என் கையைப் பிய்த்தான். ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் அப்படியே. காரணம் தெரியவில்லை.’

மாலை மிஸ் அதைப் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தவர் எதுவும் எழுதாமல் மூடினார்.

"இது பார்த்தது," என்றார். "கண் டாக்டர்கிட்டக் காட்டுங்க பூமாரி. தள்ளிப் போடாதீங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டேன். ‘கூடம்’ அவர் பெயரில் இருப்பதால் அதில் எதையும் மாற்ற என்னால் முடியாது.

"ஏங்க, அந்தப் பொட்டை ரெண்டு நாளைக்கு நிப்பாட்டி வைங்க. படத்துல பையன் கண்ணு எப்படி இருக்குன்னு எனக்குச் சுத்தமாப் பாக்கணும்."

 அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அசடு வழிவது போல.

"அக்காகிட்டச் சொல்ல மாட்டியே?"

"என்னத்த?"

"பொட்டை நான் எப்பவோ எடுத்துட்டேன் புள்ள."

போனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"ஜூன்ல லீவுல வந்தேன்ல? நிவி பொறந்தநாளுக்கு. கேக் வெட்டுற படத்துல அவ முன்பல்லு பாதி ஒடஞ்ச மாதிரி வச்சிருந்துச்சு. வருசத்துக்கு ஒரு தடவ வாரேன். எம் புள்ள கேக் வெட்டுற படம் அது. எனக்கு வயித்தெரிச்சலாப் போச்சு. மறுநாளே எடுத்துட்டேன். அக்காவுக்குத் தெரிஞ்சா ஒரு மாசத்துக்குப் பேச மாட்டா. அதான் சொல்லல. அப்புறம் பாத்தா, நீங்க எல்லாரும் இல்லாத பொட்டைத் தேடி வட்டம் போட்டுக்கிட்டு இருக்கீங்க. வெள்ளிக்கிழம ஒக்காந்து பாத்துட்டு ஒத்தையில சிரிச்சுக்கிட்டு இருப்பேன்."

"ஜூன்ல எந்தத் தேதி?"

"எட்டு. ஏன்?"

"அப்ப நிவியோட காது?"

"அது எங்கப்பா காது புள்ள. அப்படியே உரிச்சு வச்ச மாதிரி. ஒனக்குத் தெரியாதா?"

"புருவம்?"

"அவ புருவமே அப்படித்தான்."

சமையலறையில் நின்றபடியே குறிப்பேட்டைப் பிரித்தேன். 

"செழியன் கண்ணு?"

"எந்தக் கண்ணு?"

"வெள்ளையா மின்னுறது. ஒன்பது தடவ வந்திருக்கு. நீங்க பாக்கல?"

"பாத்தேன். அது... லைட்டு பட்டிருக்கும்னு நெனச்சேன்." அவர் குரல் மாறியது. "லைட்டுதான பூமாரி?"

வியாழக்கிழமை எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து முறை என்பதை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

அரை மணி நேரத்தில் மதினி அழைத்தார். தம்பி தாங்க முடியாமல் அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறார். மதினி அழுதுகொண்டிருந்தார்.

"எடுத்துட்டானாம்ல! எங்கிட்டச் சொல்லாம எடுத்துட்டானாம்ல! மூணு மாசமாப் புள்ளயப் பொட்டு இல்லாம ஊரு முன்னால நிக்க வச்சிருக்கான். கண்ணு பட்டுச்சு பாத்தியா? கண்ணுலயே பட்டுச்சு பாத்தியா?"

"மதினி, ஊரு பாக்கல. நாம மட்டுந்தான் பாத்தோம்."

"நீ பேசாத. இப்பவே திரும்பப் போடச் சொல்லிட்டேன். போட்டுட்டான்."

 "வேண்டாம் மதினி, எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. ஏழே முக்காலுக்குப் படம் ஓடியது. நல்ல படம். ஆறரை மணிக்கு, மின்சாரம் போன நேரத்தில், பேட்டரியில் ஓடிய கேமராவின் சின்ன விளக்கு எரிய, செழியன் நேராக எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். இரண்டு கண்ணும் கறுகறுவென்று பளபளத்தன. மேலுதட்டில் மட்டும் ஒரு மெல்லிய கோடு, தையல் போட்டது போல.

"பாத்தியா? பாத்தியா?" மதினி கத்தினார். "கண்ணு சரியாயிருச்சு! பொட்டு ஒதட்டுக்குப் போயிருச்சு!"

"ஆமாக்கா," என்றார் கொழுந்தன்.

என் கணவரும் மஸ்கட்டிலிருந்து பேசினார். "ரெண்டு கண்ணும் நல்லாத்தான இருக்கு பூமாரி. ஒருவேள அன்னைக்கு எல்லாம் லைட்டுதானோ? திங்கக்கிழம வரைக்கும் பாப்போமே. நீ மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு..."

அப்பா மட்டும் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

 மூன்று வீடு பார்த்துச் சரி என்கிறது. என் பார்வையை நம்பக் கூடாது என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை காலை அவனுக்குப் பசியாக இருந்திருக்கலாம். என் கை அழுத்தியிருக்கலாம். புட்டி அவனுக்கு எட்டாமல் இருந்திருக்கலாம். திங்கட்கிழமை வரை பார்த்தால் என்ன? நிம்மதியாக இருப்பதற்கு எத்தனை காரணம் கிடைக்கிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

டிவியின் ஒலியைக் குறைத்தேன். செழியனை மடியில் போட்டுக்கொண்டு இடது கண்ணைப் பொத்தினேன். என் மூக்குத்தியைப் பிடிக்க வந்தான். வலது கண்ணைப் பொத்தினேன்.

அழுதான். டிவியில் அவனே சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான்.

"காலைல மொத பஸ்ஸுக்குக் கிளம்புறேம்ப்பா," என்றேன். கேமராவின் மேல் ஒரு துண்டைப் போட்டேன்.

நிவியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அப்பாவும் நானும் செழியனோடு மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை விட்டார்கள். டாக்டரம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இருட்டறையில் தலையில் மாட்டிய விளக்கோடு செழியனின் இடது கண்ணை நீண்ட நேரம் பார்த்தார். 

"கண்ணுக்குள்ள ஒரு கட்டி இருக்கும்மா," என்றார். "நேரா வெளிச்சம் பட்டா அதுல பட்டுத் திரும்பும். அதான் வெள்ளையாத் தெரியுது. சும்மா பாத்தாத் தெரியாது. நிறைய அம்மாக்கள் இதைக் கண்டுபிடிக்கிறதே போட்டோலதான்."

"சரியாயிருமா டாக்டர்?"

"பார்வை அந்தக் கண்ல வராது. கண்ணையாவது வச்சுக்க முடியுமான்னு ஸ்கேன் பாத்துச் சொல்றேன். எனக்கு இப்ப முக்கியம் உயிரு. இது கண்ணத் தாண்டி உள்ள போயிருக்கான்னு தெரியணும். எத்தன நாளா இருக்குன்னு தெரிஞ்சா உதவியா இருக்கும். பழைய படம் ஏதாவது இருக்கா?"

போனில் ‘கூடம்’ திறந்து அவர் கையில் கொடுத்தேன். "ஜூலை 27லேருந்து இருக்கு டாக்டர். நான் குறிச்சு வச்சிருக்கேன். நேத்தையதை மட்டும் பாக்காதீங்க. அது மாத்துனது."

அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொன்றிலும் கண்ணைச் சுற்றி ஒரு வட்டம். மதினி பெயர். கொழுந்தன் பெயர். மறுபடி மதினி. அடியில் வரிசையாகக் கைதட்டல்கள்.

"இது என்ன? யாரு வட்டம் போட்டது?"

"வீட்ல உள்ளவங்க."

"அப்ப எல்லாரும் பாத்திருக்கீங்க." கேள்வியாக இல்லை. அப்பா தரையைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். 

டாக்டரம்மாவின் விரல் ஜூலை 27ஐத் தாண்டிப் பின்னால் போனது. ஜூலை 20. ஜூலை 14. அங்கெல்லாம் நிவியின் மூக்கும் நெற்றியும்தான். ஜூலை 8இல் விரல் நின்றது.

குளித்துவிட்டுத் துண்டோடு செழியன். பின்னால் இருட்டு. இடது கண்ணில் கடுகளவு வெள்ளை. அதைச் சுற்றிச் சின்னதாக, அழகாக, பிசிறில்லாமல் ஒரு வட்டம். நேரம் ஏழு ஐம்பத்திரண்டு. பெயர் பூமாரி. கீழே மதினி எழுதியிருந்தார்: ‘சபாஷ், ஒரு வழியா நீயும் ஜெயிச்சுட்ட!’

எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

 டாக்டரம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். நோய்க்குறி முதலில் தெரிந்த நாள் என்ற இடத்தில் ஜூலை 8. அடுத்த வரியில், முதலில் கவனித்தவர் என்ற இடத்தில், ‘தாய்’ என்று எழுதினார்.